இருநூறு லீட்டர் கடல்

1.025.

இந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே மாணிக்கவாசகம் பல் துலக்கப் போகிறார். விரல் நீளத்தில் ஒரு கருங்குழல். அதன் முனையிலுள்ள கண்ணாடியில் மீன் தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு மூடுகிறார். ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு மின்விளக்கை நோக்கிக் குழலைத் தூக்குகிறார். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் அன்றைய உப்பு. 1.025 என்றால் "சரி, போ" என்கிறார். 1.026 என்றால் "ஏறிட்டியா நீ?" என்று கேட்டுவிட்டு, உப்பில்லாத தண்ணீர் அரைப் போத்தல் ஊற்றுகிறார். நேரம் காலை நாலரை. முதல் பஸ் ஐந்தே காலுக்கு.

வயது ஐம்பத்து மூன்று. மாத்தளை பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வரிசைக்கு வர வேண்டும், எப்போது நகர வேண்டும், திரும்பி வந்தது எத்தனை மணிக்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவது வேலை. இருபத்தொரு வருடமாக அதே தகரக் கூண்டு, அதே பிளாஸ்டிக் நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. நெஞ்சில் விசில், இடது கையில் தாள் செருகிய பலகை, காதில் பேனா. இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளக் கண்டக்டர்கள் கெஞ்சும்போது அவர் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். "டைம் வந்திருச்சு. யமு, யமு!" தமிழில் தொடங்கி, 'போவோம்' என்று சிங்களத்தில் முடியும் அந்த அதட்டலுக்குப் பயணிகளும் சேர்ந்து அவசரமாக ஏறுகிறார்கள்.

பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். கடலை முதலில் பார்த்தது முப்பத்தொரு வயதில், திருகோணமலையில், ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில். "சும்மா காலை நனைச்சிட்டு வருவோம்னு போனேங்க. தண்ணி முழங்காலுக்கு வந்திச்சு. கீழ பாத்தா ஒரு கல்லு. கல்லு மேல ஒரு பூ. பூவுக்குள்ள ரெண்டு மீனு. திரும்பி வந்து பாத்தா பஸ் போயிருச்சு. என் வாழ்க்கையில நான் விட்ட ஒரே பஸ் அதுதான்."

பஸ் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் அவருடைய வீடு. மேட்டில் ஏறிப் போக வேண்டும். முன்னறையில் நாலடி நீளத் தொட்டி. கொழும்பில் அலுவலகத்தை மூடிய ஒருவரிடமிருந்து ஒன்பது வருடங்களுக்கு முன் வாங்கி, மெத்தைகளுக்கிடையில் படுக்க வைத்து, பஸ்ஸிலேயே கொண்டுவந்தது. இருநூறு லீட்டர். உள்ளே ஐந்தாறு பாறைகள், ஏழு நத்தைகள், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு கோமாளி மீன்கள், அவை ஒளிந்துகொள்ளும் கடற்சாமந்தி ஒன்று. பூவைப் போலத் தோன்றினாலும் அது ஒரு பிராணி. பாறையைப் பாதத்தால் பற்றிக்கொண்டு, நூறு விரல்களை அசைத்து, வாயால் தின்கிறது. மாணிக்கவாசகம் அதைப் "பூ" என்று மட்டுமே சொல்கிறார். ஒன்பது வருடத்தில் தேங்காய்ப்பூத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தது. அதன் ஆபத்தையும் அவரே சொல்கிறார்: "மீனு செத்தா மீனு மட்டுந்தான் சாகும். பூ செத்துச்சுன்னா கரைஞ்சு போவும். கரைஞ்சா தண்ணி விஷம். அரை நாள்ல தொட்டியில ஒண்ணும் மிஞ்சாது."

மாத்தளையிலிருந்து திருகோணமலைக் கடல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். அது அவரைத் தடுக்கவில்லை. கடல் தண்ணீர் வியாழக்கிழமை தோறும் றம்ஸீனுடைய பஸ்ஸில் வருகிறது. றம்ஸீன் மாத்தளை – திருகோணமலை பஸ்ஸின் கண்டக்டர், நாற்பது வயதுக்காரர், பொடி நடை, பெரிய குரல். பின் பெட்டியில் இருபது லீட்டர் கேன் மூன்று. ஆவியாகிப் போகும் தண்ணீரை நிரப்ப உப்பில்லாத தண்ணீர் வேண்டும். அது நாவுல பஸ்ஸில் வருகிறது. சிறுநீரக நோய்க்குப் பயந்து அந்தப் பக்கத்து ஊர்ச் சங்கங்கள் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்யும் குடிதண்ணீர். நாவுல ஆட்கள் அதைக் குடிக்கிறார்கள், மாணிக்கவாசகம் மீனுக்கு ஊற்றுகிறார். வீட்டில் அவரும் மனைவி ரஜனியும் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்.

"எங்களுக்கு வயித்துல பூச்சி வந்தாலும் பரவால்ல, மீனுக்கு வந்துறக் கூடாது," என்கிறார் ரஜனி. பாலர் பாடசாலை ஆசிரியை. குளியலறைக் கோப்பையில் நாலு பல் துலக்கிகள் நிற்கின்றன. இரண்டு தொட்டிக்கு. "ஒரு நாள் மாறிப்போச்சு. என்னைத் திட்டலை. மீனுக்கு ஏதாவது ஆயிருமோன்னு என்னோட பேஸ்ட்டைத்தான் மோந்து பாத்தாரு."

ஜூன் மாதக் கடைசியில் தொட்டியில் பச்சை தெரிந்தது. முதலில் பாறை ஓரத்தில் ஒரு மங்கல். பத்து நாளில் அது மயிராக நீண்டது. முடிப்பாசி. விரல் நீளத்துக்கு வளர்ந்து நீரோட்டத்தில் சீவி விட்டதுபோல் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. கண்ணாடியில் ஒட்டியது, குழாயை அடைத்தது, நத்தைகளின் முதுகிலும் முளைத்தது. ஜூலை நடுவில் பூவின் பாதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. பூ சுருங்கத் தொடங்கியது.

மாணிக்கவாசகம் களத்தில் இறங்கினார். தினமும் மாலை பனியனோடு ஸ்டூலில் ஏறி, முழங்கை வரை கையை விட்டு, பேன் பார்ப்பதுபோல் பாறையைப் பிரித்துப் பிரித்துப் பாசியைப் பிடுங்கினார். பல் துலக்கியால் தேய்த்தார். உதிர்ந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட்டார். விளக்கு எரியும் நேரத்தை ஒன்பது மணித்தியாலத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தார். தீனியைப் பாதியாக்கினார். இறாலைக் கழுவிக் கழுவி நிறம் போகும்வரை கழுவிப் போட்டார். "பாசியைப் புடுங்குறது வேலையில்லைங்க. அதுக்கு யாரு சோறு போடுறாங்கன்னு கண்டுபிடிக்கணும்," என்று பஸ் நிலையத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அழுக்குத் தண்ணீரிலுள்ள பொஸ்பேற்றுதான் பாசிக்குச் சோறு. அதை அளக்க ஒரு சிறு பெட்டி மருந்து வைத்திருக்கிறார். கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை எடுத்து, இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தால் நிறம் வரும். நிறமில்லை என்றால் சுத்தம். நீலம் கூடக்கூட அழுக்கு. தொட்டித் தண்ணீர் பள்ளிச் சீருடைக் காற்சட்டை போல நீலமாக நின்றது.

அப்புறம் சந்தேகம் தொடங்கியது. முதல் ஆள் நாவுல கண்டக்டர். நடு நிலையத்தில் அவரை நிறுத்தி, "மிஷின் தண்ணியா, பைப் தண்ணியா? சாமி மேல சத்தியமா சொல்லு!" என்றார். "அண்ணே, இந்தத் தண்ணிய எங்க ஆத்தாவுக்குக் குடுக்கிறேன். ஒங்க மீனுக்கு என்னா கேடு?" என்று கேட்டுவிட்டு அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். சோதித்துப் பார்த்தால் நாவுல தண்ணீர் நிறமில்லாமல் தெளிவாகவே நின்றது, ஒரு துளி நீலமில்லை. அடுத்த ஆள் தீனி விற்ற கண்டிக் கடைக்காரர். அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர் மிளகுக் கொடிக்குப் போட்ட உரம். காற்றில் வருகிறதாம். கடைசியில் முன்னறைச் சாமிப் படங்கள். சாம்பிராணிப் புகை தண்ணீரில் இறங்குகிறது என்று முடிவு செய்து, முருகனையும் முத்துமாரியம்மனையும் குசினி அடுப்படிக்கு மாற்றினார்.

"சாமியையே டிரான்ஸ்பர் பண்ணின மனுசன் இந்த ஊர்ல இவரு ஒருத்தர்தான்," என்றார் ரஜனி. "அப்பயும் பாசி போவல. பாருங்க, சாமி மேல பழி போட்டதுதான் மிச்சம்."

அவர் சோதிக்காத ஒன்று இருந்தது. ரஜனி அதை ஜூலையிலேயே சொல்லியிருக்கிறார். கேன்களைக் கழுவிக் கவிழ்ப்பது அவர்தான். "ஏங்க, இப்பல்லாம் கேன்ல மீன் கட நாத்தம் அடிக்குதுங்க." மாணிக்கவாசகம் சிரித்தார். "கடல்ல மீனு இல்லாம கோழியா இருக்கும்?" கடல் தண்ணீரைச் சோதிப்பது அவருக்கு முறைகேடாகப் பட்டது. கடலிலா பாசி பிடித்துக் கிடக்கிறது? எந்தக் கண்டக்டரின் வாயையும் நம்பாத மனிதர், கடலை நம்பினார்.

ஆகஸ்ட் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, காலை சரியாக ஒன்பது மணிக்கு அவர் தொட்டியை மூடினார். இதுதான் கடைசி வைத்தியம். எழுபத்திரண்டு மணித்தியாலம் ஒரு பொட்டு வெளிச்சமும் படாமல் இருட்டில் வைத்தால் பாசி பட்டினியில் வெளுத்துச் சாகும். மீனும் பூவும் தாங்கும், தாங்க வேண்டும். விளக்கை அணைத்து, கண்ணாடியைச் சுற்றிக் குப்பை உறைகளை ஒட்டி, அதற்கு மேல் ஐயப்ப விரதத்துக்குக் கட்டும் கறுப்பு வேட்டிகள் மூன்றைச் சுற்றிக் கயிறு போட்டார். முன்னறை நடுவே யாரோ மலைக்குப் போக இருமுடி கட்டி நிற்பதுபோல் இருந்தது.

மூடிய பிறகு பார்க்கக் கூடாது. ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் கணக்கு முதலிலிருந்து. அந்த மூன்று நாளும் அவர் உள்ளே நடப்பதைக் காதால் பார்த்தார். காற்றுக் குழாயின் குமிழிச் சத்தம், நீர் திரும்பும் சத்தம். சாப்பிடும்போது கையை நிறுத்திக் கேட்டார். சனிக்கிழமை பஸ் நிலையத்தில் பல்லேபொல பஸ்ஸை இரண்டு நிமிடம் முன்னதாக அனுப்பிவிட்டார். இருபத்தொரு வருடத்தில் இது முதல் தடவை என்று கண்டக்டர்கள் பேசிக்கொண்டார்கள்.

"அண்ணே, கடல் எப்பிடி? அலை அடிக்குதா?"

"மூடிக்கிட்டு ஆளை ஏத்துடா."

ஞாயிறு காலை. எட்டே முக்காலுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் தூர பஸ் எதுவும் புறப்படுவதில்லை. அவர் மேடேறி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கடிகாரத்தில் ஒன்பதாகும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரஜனி குசினி வாசலில் நின்றார். வேட்டி விழுந்தது. உறை கிழிந்தது.

பாசி செத்திருந்தது. பச்சை மயிரெல்லாம் ஊறிய நூல்போல வெளுத்து, பாறையிலிருந்து கழன்று தண்ணீரில் மிதந்தது. ஒரு கணம் அவர் முகம் விரிந்தது. அப்புறம் பூவைத் தேடினார். தட்டு அளவுக்கு இருந்தது எலுமிச்சம்பழ அளவில் சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, வாய் பிளந்து கிடந்தது. பாதத்தின் ஒரு பக்கம் பாறையை விட்டிருந்தது. இரண்டு மீன்களும் அதற்கு மேலே தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன.

செத்த பாசி அழுகுகிறது. தின்ற சோற்றையெல்லாம் தண்ணீரில் கக்குகிறது. அதை அப்போதே வெளியேற்றி, மூன்று கேன் புதுக் கடல் தண்ணீர் மாற்றியாக வேண்டும். பொழுது சாய்ந்தால் பூ தாங்காது. மூன்று கேன் தண்ணீர் வியாழனன்று வந்து, சுவரோரம் வரிசையாக, இதற்காகவே காத்திருந்தது.

ரஜனி முதல் கேனைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மோந்து பாருங்க."

"நேரமில்ல. ஊத்து."

"மோந்து பாருங்கன்னேன்."

அவர் குனிந்தார். பிறகு சோதனைப் பெட்டியை எடுத்தார். ஒரு குப்பியில் கேன் தண்ணீர். இரண்டு மருந்தும் விட்டார். ஐந்து நிமிடம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. இரண்டாவது நிமிடமே குப்பி எழுதுகிற மை போலக் கறுத்த நீலமானது. கேனின் அடியில் கையை விட்டு எடுத்த ரஜனி, உள்ளங்கையை அவர் முன் நீட்டினார். மூன்று மீன் செதிள்கள்.

"இதைத்தான் ரெண்டு மாசமா ஊத்திக்கிட்டிருக்கீங்க."

நல்ல கடல் தண்ணீர் என்று ஒரு போத்தல்கூட அந்த ஊரில் இல்லை. கரைக்கிற உப்பு கொழும்பிலிருந்து வர மூன்று நாளாகும். ஒன்பது மணி பதினெட்டு நிமிடம். றம்ஸீனுடைய பஸ் ஒன்பது பத்துக்குத் திருகோணமலை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாணிக்கவாசகம் தொலைபேசியை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார், பஸ் நிலையச் சத்தத்தில் காதுக்கு வைத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"றம்ஸீன், உண்மையைச் சொல்லு. தண்ணிய எங்க எடுக்கிற?"

"கடல்லதான் அண்ணே."

"கடல்ல எங்க?"

அந்தப் பக்கம் பஸ் நிலையச் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய்!"

"பஸ் நிக்கிற எடத்துக்குக் கிட்ட, மீன் பெட்டி கழுவுற படி இருக்கில்லியா. அதுல."

"ஒன்பது வருஷமா நீ உப்புவெளிக் கரைப் பக்கம் போய்த்தானே எடுத்த? இடுப்பளவு தண்ணிக்குப் போய் எடுக்கணும்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்!"

"போனேன். ஒன்பது வருஷமும் போனேன். ஓட்டோ புடிச்சு, சாரனைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் போய் எடுத்தேன். இல்லேன்னு சொன்னேனா?" றம்ஸீனின் குரல் ஏறியது. "ஜூன் மாசம் புது டைம் டேபிள் போட்டது யாரு? நானா? திருகோணமலையில பஸ் இருவது நிமிஷம் கூடுதலா சும்மா நிக்கிது, வெட்டணும்னு பஸ் சங்கத்துல எந்திரிச்சு நின்னு சொன்னது யாரு? சும்மா நிக்கலை அண்ணே. அந்த இருவது நிமிஷம் இருந்ததாலதான் ஒங்க தண்ணி எடுக்கப் போய்வர முடிஞ்சிச்சு."

ரஜனி கேனை மூடினார். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

புதுக் கால அட்டவணை மாணிக்கவாசகத்தின் கையெழுத்தில் உருவானது. அதன் பிரதி அவருடைய கூண்டில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது. ஜூன் மாதத்திலிருந்து திருகோணமலை பஸ் ஒரு நிமிடமும் பிந்துவதில்லை என்று அவர் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறார். "என் பேனாவுக்கு வந்த மரியாதை," என்பார்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க? டைம் டைம்னு விசிலை ஊதுவீங்க."

தொட்டியில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.

"இப்ப போனா எவ்ளோ நேரம்?"

"அண்ணே, பத்து மணிக்குப் புறப்படணும். சனம் ஏறி ஒக்காந்திருக்கு. நான் ஓட்டோவில போய் வந்தா பத்தேகால், பத்து இருவது ஆவும். இருவது நிமிஷம் பிந்தினா எழுதுவீங்க. எழுதினா நாளைக்கு எங்க பஸ்ஸுக்கு டேர்ன் இல்ல. அதுவும் ஒங்க சட்டம்தான். போகவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

டேர்ன் என்பது வரிசையில் ஒரு பஸ்ஸுக்கு வரும் முறை. பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தி வரும் பஸ் அடுத்த நாள் வரிசையில் நிற்க முடியாது. இதற்கு விலக்குக் கிடையாது. தாளில் அவர் எழுதினால் முடிந்தது. சொந்த மச்சானின் பஸ்ஸை அவர் இரண்டு தடவை அப்படி நிறுத்தியிருக்கிறார். அந்த வீட்டு விசேஷங்களுக்கு ரஜனி இன்றும் தனியாகத்தான் போகிறார்.

மாணிக்கவாசகம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"போ."

"அண்ணே?"

"போய் எடு. இடுப்பளவு தண்ணிக்குப் போ. மூடி இறுக்கமா இருக்கான்னு பாரு."

ஒன்பதரைக்கு அவர் கூண்டுக்குத் திரும்பினார். வீட்டில் ரஜனி வெளுத்த பாசியைத் தேநீர் வடியால் அள்ளி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் கை வைத்தது அவருக்கு அன்றுதான் முதல் தடவை. அரைமணிக்கொரு தரம் கூண்டுக்குத் தொலைபேசி வந்தது. "பாதம் இன்னும் ஒரு பக்கம் புடிச்சிருக்கு." "அப்பிடியேதான்." "மீன் ரெண்டும் நிக்குது." ஒரு மணிக்கு வந்த அழைப்பில், "வாய் இன்னும் பெரிசாத் திறந்திருக்குங்க," என்றார். அவர் "ம்" என்றார். அந்தப் பகல் முழுவதும் அவர் விசில் சத்தம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது.

திருகோணமலை பஸ் இரண்டு மணிக்கு வர வேண்டும். இரண்டேகாலுக்கும் வரவில்லை. அதே தடத்தில் அடுத்து நிற்கும் பஸ்ஸின் கண்டக்டர் கூண்டு ஜன்னலில் கையூன்றிக்கொண்டு நின்றார். "பிந்திருச்சு போல அண்ணே, ஒங்க சீமான் பஸ்." மாணிக்கவாசகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு இருபத்திரண்டுக்கு பஸ் வளைந்து உள்ளே நுழைந்தது. வியர்த்த முகங்கள் இறங்கின. கைக்குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் நேரே கூண்டுக்கு வந்தாள். "பஸ்ஸை நிப்பாட்டி வச்சிட்டுக் கண்டக்டர் கடல்ல குளிக்கப் போயிட்டாரு. சாரன் நனைஞ்சு வந்தாரு! இதையெல்லாம் கேக்க ஆளில்லியா? கண்டி பஸ்ஸை விட்டுட்டேன்." கடைசியாக றம்ஸீன் இறங்கினார். இடுப்புக்குக் கீழே சாரன் உப்புக் கோடு போட்டுக் காய்ந்திருந்தது. மூன்று கேன்களையும் கூண்டு வாசலில் இறக்கிவிட்டு, தாளை நீட்டினார். நிலையத்தில் ஏழெட்டுக் கண்டக்டர்கள் வேலை இருப்பதுபோல் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

மாணிக்கவாசகம் காதிலிருந்து பேனாவை எடுத்தார். வந்த நேரம்: 2.22. பிந்தியது: 22 நிமிடம். அடுத்த கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அங்கே சாதாரணமாக வருபவை சில்லு வெடித்தது, பெரஹெர ஊர்வலம், ஹபரணையில் யானை. அவர் எழுதினார்: "டைம் கீப்பரின் சொந்த வேலைக்காக நிறுத்தப்பட்டது. பஸ்ஸில் பிழையில்லை." கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். தாளைத் திருப்பி, சுற்றி நின்றவர்கள் பார்க்கும்படி பிடித்தார்.

"வாசிச்சிட்டீங்களா? சங்கத்துல போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பி, "தப்பு என்னோடதும்மா," என்றார். "சொன்னாப் போதுமா?" என்றாள் அவள். அடுத்த கண்டி பஸ்ஸில் முன் இருக்கையில் அவளை அமர்த்தி, பையை அவரே தூக்கி வைத்தார். அவள் முகம் மாறவில்லை.

மூன்று கேன்களும் ஓட்டோவில் மேடேறின. வீட்டில் முதல் கேனைத் திறந்ததும் அவர் மூக்கை வைத்து முகர்ந்தார், ரஜனியையும் முகரச் சொன்னார். குப்பியில் சோதித்தார். ஐந்து நிமிடமும் முழுதாகக் காத்திருந்தார். தண்ணீர் தண்ணீராகவே நின்றது. தொட்டியிலிருந்து மூன்று வாளி வெளியே போனது. வெயிலில் சூடாகி வந்த கேன்களை ஈரச் சாக்குப் போட்டு ஆற்றி, மெல்லிய குழாயில், நூல் நூலாக உள்ளே விட்டார். அவசரம் அவருக்கு, பூவுக்கு அவசரம் ஆகாது. கடைசிக் கேன் முடிந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. பூவின் வாய் மூடவில்லை. கழன்ற பக்கம் கழன்றபடியே ஆடியது.

அவர் ஸ்டூலில் ஏறிக் கையை உள்ளே விட்டார். உயிருள்ள பூவின் விரல் தொட்டால் ஒட்டும். செத்தது வழுக்கும். சுண்டு விரலை அதன் ஓரத்தில் வைத்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ரஜனி ஈரக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே கீழே நின்றார்.

"என்னாங்க?"

"இரு."

"வழுக்குதா?"

அவர் விரலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். சுருங்கிய பூவிலிருந்து ஒரேயொரு விரல், ரோஜா முனையோடு, நீண்டு கூடவே வந்தது. விடவில்லை. அவர் இழுப்பதை நிறுத்திக்கொண்டார். தோள் வரை நனைந்த கையோடு, ஸ்டூலில் வளைந்து நின்றபடி, அது தானாக விடும்வரை அப்படியே நின்றார். ஆறு மணி பஸ்ஸை அன்று வேறு யாரோ அனுப்பினார்கள்.

சங்கக் கூட்டம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு. மாணிக்கவாசகத்தை விளக்கக் கடிதத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.